சோறு முழங்கை, இடம் கொக்கி

டோர்ட்மண்டில் இரண்டே நாள் வேலை என்று சொல்லித்தான் கம்பெனி என்னை அனுப்பியது. கோயமுத்தூரில் நாங்கள் பம்பு மோட்டார் செய்கிறோம். அதன் தண்டைத் தீட்டுகிற எந்திரம் ஒன்று அங்கே எங்களுக்காகத் தயாராகி நின்றது. கப்பலேற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு டை கட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒரு பாகம் இன்னும் வந்து சேரவில்லையாம். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள்" என்றார் பொறியாளர். நம் ஊராக இருந்தால் "இப்ப வந்துருமுங்க, ஒரு டீ சாப்பிடுங்க" என்று நான்கு நாளும் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே கைகுலுக்கி, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள்.

2006 ஜனவரி அது. அந்தக் கோடையில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஊரெல்லாம் தட்டிகள் கட்டியிருந்தார்கள். எனக்குக் கால்பந்தில் நாட்டமில்லை. வந்ததிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. ஓட்டலிலிருந்து நாலாவது தெருவில் இலங்கைத் தமிழர் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஊறுகாய் தேடிக் கிளம்பினேன்.

ஊறுகாய் கிடைத்தது. அதைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. சட்டம் போட்ட ஒரு புகைப்படம். பனி மூடிய காட்டுப் பாதையில் ஒரு சின்னச் சிவப்புக் கார் குறுக்கே திரும்பியபடி பாய்கிறது. பின்சக்கரங்கள் வாரியடித்த பனி காரைவிட உயரமாக நிற்கிறது. பக்க ஜன்னலில் வெள்ளை எழுத்தில் இரண்டு பெயர்கள். ரவீந்திரன். கௌரி.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"எங்கட ரவி. டோர்ட்மண்டில பஸ் ஓடுறார். பக்கத்தில இருக்கிறது அவற்ற மனுசி" என்றார் கடைக்காரர், தன் வீட்டுக் கல்யாணப் படத்தைக் காட்டுவதுபோல.

எனக்கு இருபத்தைந்து வயதில் ஒரு பைத்தியம் இருந்தது. கோயமுத்தூரைச் சுற்றி நடக்கும் கார் ராலிகளில் நண்பன் ஒருவனுக்கு டயர் மாற்றிக் கொடுக்கும் ஆளாகப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து வருடம் செம்மண்ணும் கிரீஸுமாகத் திரிந்த பிறகு கல்யாணமாகி அந்தப் பக்கம் போவது நின்றுபோனது. அதைக் கடைக்காரரிடம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். அவர் உடனே போனை எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் பஸ் கம்பெனிச் சீருடையோடு ரவியே வந்து நின்றார். நாற்பது வயதை நெருங்குகிற, ஒல்லியான, நிதானமாகப் பேசுகிற மனிதர்.

"அண்ணை, உங்களுக்கு ராலி தெரியுமாம். நாளைக்கு நாங்கள் பவேரியாவுக்கு வெளிக்கிடுறம். இந்த வருசத்து முதல் ஓட்டம், முழுக்கப் பனியிலதான். எங்களோட வாற பெடியன் காய்ச்சலெண்டு படுத்திட்டான். நீங்கள் வாறியளோ?"

"நான் டயர் மாத்தி இருபது வருஷம் ஆச்சுங்க தம்பி."

"டயர் இப்பவும் வட்டமாத்தான் இருக்கு, அண்ணை. வாங்கோ."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்கள் வேனில் ஏறிவிட்டேன். பின்னால் இழுவண்டியில் தார்ப்பாய் மூடிய சிவப்புக் கார். வேனை ஓட்டியவர் ஹெல்முட். அறுபத்தெட்டு வயது, பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், காரில் பாதிப் பங்காளி. அவருக்கு ஜெர்மன் மட்டும்தான் தெரியும். எனக்கு ஜெர்மனில் பத்துச் சொல் தெரியும். கௌரி எங்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. கடிதத்தின் மேலுள்ள எண்ணை ஒரு பார்வையில் படித்து எந்தப் பெட்டிக்கு என்று எறிய வேண்டுமாம். "எட்டு மணித்தியாலமும் வாசிக்கிறதுதான் அண்ணை என்ர வேலை. காருக்குள்ளயும் அதுதான்" என்றார்.

நூர்ன்பெர்க் தாண்டியதும் நெடுஞ்சாலையில் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ ஒரு லாரி சறுக்கிக் குறுக்கே கிடந்ததாம். மூன்று மணி நேரம் அசையவில்லை. இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நடுவில் ஆம்புலன்ஸ் போக வழி விட்டு, இரண்டு பக்கமும் கோடு கிழித்ததுபோல் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். அவிநாசி சாலையில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்க எனக்கு இந்த ஒரு ஆயுள் போதாது. கௌரி ஒரு பெரிய டப்பாவைத் திறந்தார். ரோல்ஸ், கட்லட், அவர்கள் பாண் என்கிற ரொட்டிக்கு நடுவே வைத்த தேங்காய்ச் சம்பல். சம்பலை நான் எச்சரிக்கையாக எடுத்தேன். ஹெல்முட் பழக்கமான கையால் அள்ளி வைத்துக்கொண்டார். பக்கத்துக் காரிலிருந்த ஒரு தம்பதி கண்ணாடி வழியாக எங்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்முட் கதவைத் திறந்து இரண்டு கட்லட்டை நீட்டினார். அவர்கள் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலை நடுவில் பண்டமாற்று நடந்தது.

அங்கேதான் ரவி தன் கதையைச் சொன்னார். பதினெட்டு வயதில் அகதியாக வந்தவரை மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் வைத்திருந்தார்களாம். வேலை செய்ய அனுமதிக் கடிதம் வந்ததும் கிடைத்த முதல் வேலை, பழைய காரில் கிராமம் கிராமமாகப் பேப்பர் போடுவது. "முதல் மாரிகாலம் முழுக்கப் பனியில சறுக்கிப் பள்ளத்துக்கை விழுந்தன். ரெண்டாவது மாரி, விழாமல் சறுக்கப் பழகினன். மூண்டாவது மாரி, வேணுமெண்டே சறுக்கினன்." பெருமையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஓட்டத்துக்கு ரெண்டு தரம் வந்து ரெண்டு தரமும் முடிக்கேல்லை, அண்ணை. ஒருக்கால் பள்ளம், ஒருக்கால் கியர்பெட்டி. இந்த முறையும் முடிக்காட்டில் காரை வித்துப்போடுறதெண்டு கௌரியோட பேசி வச்சிருக்கு" என்றார். கௌரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை இருவருக்குமே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

செக் நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், கூரையெல்லாம் முழங்கால் உயரம் பனி ஏறிய ஒரு சின்ன ஊர். விடுதிக்காரம்மா வாசலிலேயே ஹெல்முட்டின் கையைப் பிடித்து, "எங்கள் வீட்டில் ஒரு ராலி ஓட்டுநர்! நல்லா ஓட்டுங்கள்" என்றார். ஹெல்முட் கட்டைவிரலால் ரவியைக் காட்டினார். அந்த அம்மா ரவியைப் பார்த்தார், பிறகு கௌரியை, பிறகு என்னை. "அப்படியா" என்றார். அதில் கெடுதலாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "அப்படியா"வை அவர்கள் இருவரும் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாட்டுக்குக் கிரிக்கெட் பந்து அளவில் உருளைக்கிழங்கு உருண்டைகள் வந்தன. பூரணம் வைக்க மறந்துபோன கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். காளான் குழம்பில் முக்கி, என் ஊறுகாயையும் தொட்டு இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது என்னைச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பாதை பார்க்கும் நாள். போட்டி நடக்கும் காட்டுப் பாதைகளைச் சாதாரணக் காரில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வேகமாகப் போகும்போது பக்கத்திலிருப்பவர் அந்தக் குறிப்பைப் படிக்க, ஓட்டுபவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே திருப்ப வேண்டும். ரவியும் கௌரியும் காலையிலேயே போய்விட்டார்கள். நானும் ஹெல்முட்டும் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் சிவப்புக் காரோடு நின்றோம். ஆணி அடித்த டயர் அந்த நாட்டில் கூடாது, வெறும் ரப்பர்தான். பன்னிரண்டு டயரை ஹெல்முட் சொன்ன வரிசையில் அடுக்கினேன். கை விறைத்து, ஸ்பேனர் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. ஆனாலும், சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பெட்ரோல் வாசனையில் எனக்கு வயது குறைந்துகொண்டே போனது.

மதியம் அவர்கள் திரும்பியதும் பதிவு செய்யப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, மீசை வைத்த பெரிய மனிதர், ஓட்டுநர் படிவத்தை எடுத்து நேராக ஹெல்முட்டிடம் நீட்டினார்.

"எனக்கு எதற்கு? நான் எண்பதுக்கு மேல் போனால் என் மனைவி இறங்கிவிடுவாள்" என்றார் ஹெல்முட்.

அதிகாரி படிவத்தை ரவியின் பக்கம் திருப்பினார். பெயரைப் படிக்கப் பார்த்து, முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டு, "இங்கே கையெழுத்து" என்று மட்டும் சொன்னார். ரவி கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கௌரி ஏதோ முணுமுணுத்தார். "விடு. நாளைக்குக் கார் கதைக்கும்" என்றார் ரவி.

அன்று மாலை விடுதியின் சாப்பாட்டு அறையில் கௌரி குறிப்பேட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் தமிழ். ஒரு வரி இப்படி இருந்தது: "நூறு, சோறு முழங்கை, அம்பது, இடம் கொக்கி, கண்ணாடி."

"என்னங்க அம்மிணி இது, சமையல் குறிப்பா?" என்றேன்.

கௌரி சிரித்துவிட்டார். "முதல் வருசம் வளைவின்ர அளவை நம்பராக்கி ஜெர்மன்லதான் வாசிச்சனான், அண்ணை. 'ட்ஸ்வை' எண்டால் ரெண்டு, 'ட்ரை' எண்டால் மூண்டு. கார்ச் சத்தத்தில ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கேக்கும். நான் ரெண்டு எண்டன், இவருக்கு மூண்டு எண்டு கேட்டுது, பள்ளத்துக்கை கிடந்தம். சரி, தமிழுக்கு மாத்துவமெண்டால் ஒண்டு, ரெண்டு, மூண்டு. எல்லாத்துக்கும் வாலில அதே 'ண்டு'. பேந்துதான் நம்பரை விட்டிட்டு உருவத்தைச் சொல்லுவமெண்டு யோசிச்சம்."

அப்படி இருவரும் உட்கார்ந்து உண்டாக்கியதுதான் அந்த மொழி. நாம் கொண்டை ஊசி என்கிற வளைவு அவர்களுக்குக் கொக்கி. நேர்மூலையாகத் திரும்பினால் முழங்கை. கொஞ்சம் அகலமாகச் சுற்றினால் அரிவாள். லேசாக வளைந்தால் வில். அடுத்த வளைவுக்குள்ள தூரம் மட்டும் மீட்டர் கணக்கில் எண்ணாகவே இருந்தது. வெறும் பனி என்றால் வெள்ளை. பார்வைக்குத் தெரியாத பனிக்கட்டி என்றால் கண்ணாடி. இடம், வலம் இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் வலத்தை எடுத்துவிட்டார்கள். சோறு தின்கிற கை வலது கை. ஆகவே வலது பக்கம் என்றால் சோறு.

ஹெல்முட்டுக்குப் பேச்சு விளங்கியிருக்க வேண்டும். வலது கையைத் தூக்கி, "ஸோரு!" என்றார்.

நான் வாங்கிச் சொல்லிப் பார்த்தேன். சோறு முழங்கை. இடம் கொக்கி. வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட வாய்விட்டு வர்ணிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பிழைக்க வந்த நாட்டில், வளைவுக்கு ஒரு சொல்லாக, உயிரை ஒப்படைக்கிற அளவுக்கு நம்பகமாக, இரண்டு பேர் தமிழை வடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்பது தெரிந்தும் நிறைந்தது.

சனிக்கிழமை காலை மைனஸ் பதினான்கு. மூக்குக்குள் இருக்கிற முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற குளிர். எட்டுக் கட்டங்களாக ஓட்டம். நான்காவது முடிந்ததும் இருபது நிமிடம் வண்டியைச் சரிபார்க்கலாம். சின்ன என்ஜின் பிரிவில் பதினொரு கார்கள், எங்களுடையது அவற்றில் பழையது.

முதல் கட்டத்தின் ஒரு வளைவுக்கு ஹெல்முட் என்னை நடத்திக் கூட்டிப்போனார். காட்டுக்குள் ஊரே திரண்டு நின்றது. சுடச்சுட மசாலா போட்ட திராட்சை மதுவும், குழந்தைகளுக்கு அதே வாசனையில் பழச்சாறும் விற்றார்கள். நான் குழந்தைகள் பக்கம் நின்றேன். ஒவ்வொரு காராக வந்தது. சிலர் வளைவுக்கு முன்பே பயந்து பிரேக் அடித்தார்கள், சிலர் பயப்படாமல் பனிச்சுவரில் முட்டினார்கள். பிறகு சிவப்புக் கார். அது வளைவுக்கு வெகு முன்னாலேயே, ஏதோ தவறிவிட்டதுபோல், குறுக்கே திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் குறுக்கு நிலையிலேயே மிதந்து வந்து, உள்பக்க மரத்தை ஒரு முழம் விட்டு வழுக்கி, மூக்கை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. எங்கள் மேலெல்லாம் பனி. பக்கத்திலிருந்த தாடிக்காரர் தொப்பியைத் தட்டியபடி, "யார் அது? இவன் இங்கே பிறந்தவன்போல ஓட்டுகிறான்" என்றார். ஹெல்முட் அதை எனக்கு இரண்டு தடவை, கையசைவோடு விளக்கினார். முதல் தடவையே எனக்குப் புரிந்திருந்தது. இரண்டாவது தடவை கேட்க ஆசையாக இருந்ததால் புரியாததுபோல் நின்றேன்.

மூன்றாவது கட்டம் முடிந்தபோது அவர்கள் பிரிவில் மூன்றாம் இடம். நான்காவது முடிந்து மைதானத்துக்குள் வந்தபோது ஏழாம் இடம். காரின் முன்பக்கம் முழுக்கப் பனி அப்பியிருந்தது. கௌரியின் இடது கையுறை நனைந்து கல்லாக உறைந்திருந்தது.

"ஹீட்டர் செத்துப்போச்சு" என்று ரவி கத்திக்கொண்டே இறங்கினார். "கண்ணாடி உள்ளுக்கால மூடிப்போச்சு. ஒண்டும் தெரியேல்லை. இவள் ஒரு கையால துடைச்சுத் துடைச்சு வாசிச்சவள். ஒரு கொக்கியை விட்டிட்டம். சனம்தான் தள்ளி ஏத்தினது."

காற்றை ஊதுகிற மோட்டார் எரிந்துவிட்டது. ஹெல்முட் அதைக் கழற்றி முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். மாற்று மோட்டார் கையில் இல்லை. பதினாறு நிமிடம் இருந்தது. ரவி காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். கௌரி அவர் முதுகைப் பார்த்தபடி நின்றார். காரை விற்பது பற்றித்தான் இருவரும் நினைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் வால்பாறை பஸ் டிரைவர்கள் ஞாபகம் வந்தது. மழைக் காலத்தில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு எழுபது பேர் மூச்சு விட்டால் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். அவர்கள் சோப்பை ஈரம் இல்லாமல் கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து, பேப்பரால் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். அதற்குமேல் மூச்சு பட்டாலும் படியாது.

"தம்பி, சோப்புங்க! சோப்புத் தேய்ச்சுப் பார்க்கலாமுங்க!"

வேனுக்கு ஓடி என் பையிலிருந்து சவர சோப்பை எடுத்து வந்தேன். ஓட்டுநர் இருக்கையில் மண்டியிட்டுக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தேன். கௌரி மறுபக்கத்திலிருந்து ஜெர்மன் நாளிதழைக் கசக்கித் துடைத்தார். ஹெல்முட் தலையைச் சொறிந்தார். இது மூச்சின் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் உறைபனியைத் தடுக்காது என்பது அவர் வாதம். அவரே போய்க் கண்ணாடி கழுவுகிற உறையாத திரவத்தில் துணி நனைத்துக்கொண்டு வந்து கௌரியின் மடியில் வைத்தார். அது போதாதென்று, ஈரக்காற்று வெளியே போக இரண்டு பக்க ஜன்னலிலும் நாலு விரல் இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னார். மைனஸ் பதினான்கில், நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஜன்னல் திறந்து!

"ஏலுமே கௌரி?" என்றார் ரவி.

"எனக்கு ஏலும். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றார் கௌரி, ஹெல்மெட்டை மாட்டியபடி.

ஐந்தாவது கட்டத்தில் கண்ணாடி நின்று பிடித்தது. ஆறாவதிலும் பிடித்தது. மைதானத்து அறிவிப்பு ஒலிபெருக்கியில் நேரங்களைச் சொல்லச் சொல்ல, ஹெல்முட் பனிமேல் விரலால் இடத்தை எழுதிக் காட்டினார். ஐந்து. நான்கு. மற்றவர்களும் தவறினார்கள்தான்; ஒருவர் பள்ளத்தில், இன்னொருவர் மரத்தில். ஆனால் தவறாமல் ஓட்டுவதற்கும் ஒரு கை வேண்டும். ஏழாவதன் முடிவில் ஹெல்முட் மூன்று என்று எழுதிவிட்டு, சட்டென்று காலால் அழித்தார். கண் பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஜெர்மானியர்களுக்கும் அது உண்டு போலிருக்கிறது.

கடைசிக் கட்டத்தின் முடிவு ஊரிலிருந்து அரை மைலில் இருந்தது. நானும் ஹெல்முட்டும் அங்கே போய் நின்றோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார் வர வேண்டும். எங்களுக்கு முந்தியவர் வர வேண்டிய நேரம் போனது, வரவில்லை. எங்கள் கார் வர வேண்டிய நேரமும் போனது. காடு சத்தமில்லாமல் கிடந்தது. ஹெல்முட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மொழி தெரியாத இரண்டு கிழவர்கள் பனியில் கைகோத்து நின்றோம்.

முதலில் சத்தம் கேட்டது. பிறகு மரங்களுக்கு நடுவே ஒற்றை விளக்கு. மோட்டார் சைக்கிள் வருகிறதோ என்று நினைத்தேன். ஒரு விளக்கு உடைந்து, பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்க, சிவப்புக் கார் கடைசி வளைவைச் சுற்றி வந்து கோட்டைத் தாண்டியது. ஹெல்முட் சத்தமே வராமல் அழுதார். நான் சத்தம் வர அழுதேன்.

முன்னால் போன கார் பாதைக்குக் குறுக்கே சிக்கி நின்றதாம். அதன் ஆட்கள் 'எங்களுக்கு ஒன்றுமில்லை' என்கிற ராலிப் பலகையைத் தூக்கிக் காட்டியதும், ரவி இடது சக்கரங்களைப் பனிச்சுவரில் ஏற்றி, சாய்ந்தபடி உரசிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். பின்னால் வந்த எல்லோருக்கும் அங்கே நேரம் போயிருந்தது. எங்களுக்குக் குறைவாகப் போயிருந்தது. கௌரியால் வாயைத் திறக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்து மரத்துப்போயிருந்தது.

"கடைசிக் கட்டம் முழுக்க இவளுக்கு 'முழங்கை' எண்டு சொல்ல ஏலாமல் போச்சு, அண்ணை. 'உயங்கை, உயங்கை' எண்டாள்" என்றார் ரவி.

"உங்களுக்கு எப்படிங்க புரிஞ்சுது?"

"பதினொரு வருசமாக் கேக்கிற குரல்தானே."

கௌரி உறைந்த கையுறையால் அவர் தோளில் ஓர் அடி போட்டார்.

ஊர்ச் சதுக்கத்தில் மரமேடை போட்டு விளக்குகள் கட்டியிருந்தார்கள். சின்ன என்ஜின் பிரிவில் இரண்டாம் இடம். முதல் நாள் படிவத்தை ஹெல்முட்டிடம் நீட்டிய அதே மீசைக்கார அதிகாரிதான் கோப்பையோடு வந்தார். மேடை ஏறுவதற்கு முன் ரவியின் பக்கத்தில் வந்து, கையிலிருந்த தாளைக் காட்டி, மெதுவாக ஏதோ கேட்டார். ரவி தன் பெயரைச் சொன்னார். அவர் திருப்பிச் சொன்னார். ரவி திருத்தினார். அந்தப் பெரிய மனிதர் பள்ளிப் பிள்ளைபோல உதடு குவித்து நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மேடையேறி, ஒலிபெருக்கியில், ஊர் முழுக்கக் கேட்க, ஓர் எழுத்து விடாமல் "ரவீந்திரன்! கௌரி!" என்றார். எத்தனையோ விழாவில் எத்தனையோ பெயர்களை அழைக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு பெயர் சரியாக உச்சரிக்கப்பட்டதற்காக என் மயிர் கூச்செறிந்தது அன்றைக்குத்தான். கூட்டத்தின் முன்வரிசையில் எங்கள் விடுதிக்காரம்மா, "அவர்கள் என் வீட்டில் தங்கியிருப்பவர்கள்!" என்று பக்கத்திலிருந்தவர்களையெல்லாம் இடித்து இடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். காரை விற்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஹெல்முட் அடுத்த வருடத்துக்கு வேண்டிய சாமான்களை அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதல் சாமான் ஹீட்டர் மோட்டார்.

ஞாயிறு முழுக்கத் திரும்பும் பயணம். கோப்பையை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தோம். பெட்ரோல் போட நின்ற இடத்திலெல்லாம் நான் அதைத் தேவையில்லாமல் எடுத்துத் துடைத்தேன்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். லேசாகப் பனி தூறிக்கொண்டிருந்தது. வந்து நின்ற பஸ்ஸில் ரவி. "இண்டைக்கு எனக்குக் காலம்பிற வேலை, அண்ணை. ஏறுங்கோ" என்றார். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் ஓர் அம்மையார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த திருப்பத்தில் பின்பக்கம் ஒரு விரற்கடை வழுக்கியிருக்கும். ரவி அதை ஒற்றை விரலால் சரி செய்தார்.

"இளைஞரே, பார்த்து ஓட்டுங்கள். சாலையில் பனி இருக்கிறது. இதற்கெல்லாம் பழக்கம் வேண்டும்" என்றார் அம்மையார். அந்த நான்கு நாளில் கொஞ்சம் பழகியிருந்த காதுக்கு அந்த அளவு விளங்கியது.

"சரி அம்மா, கவனமாகப் போகிறேன்" என்றார் ரவி, அவர்கள் மொழியில், மிக மரியாதையாக.

என்னால் தாங்க முடியவில்லை. என்னிடமிருந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டினேன். "அவர்... சனிக்கிழமை... பவேரியா... ராலி! பனி! இரண்டாம் பரிசு!" இரண்டு விரலை வேறு தூக்கிக் காட்டினேன்.

அம்மையார் என்னைப் பார்த்தார். ரவியின் பின்தலையைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் இன்றைக்கு ஏன் மூன்று நிமிடம் தாமதம்?"

கண்ணாடியில் ரவியின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. பஸ் ஓரமாக, ஓர் அசைவு இல்லாமல் நின்றது.

"அண்ணை, உங்கட ஸ்டொப் வந்திட்டுது. கெதியா இறங்குங்கோ, நான் பிந்தி நிக்கிறன்."